கேலனுக்கு நான்கு மைல்

அலெக்ஸ் கிப்னியின் ‘ஹார்ட் நாக்ஸ்’ ஆவணப்படத்துக்குள் இரண்டு கிப்னிகள் இருக்கிறார்கள். ஒருவர் இயக்குநர், பெரிய நிறுவனங்களின் பொய்களைத் தோண்டியெடுத்துப் படமாக்குவதில் தேர்ந்த கை. இன்னொருவர் கார்க்காரர், சுத்தமான டீசல் என்று நம்பிக் காசு கொடுத்து ஃபோக்ஸ்வாகன் வாங்கியவர். 2018 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸின் ‘டர்ட்டி மனி’ தொடரில் முதல் பகுதியாக இந்தப் படம் வந்தது. அப்போது ஒரு தடவை பார்த்தேன், சமீபத்தில் மறுபடியும். இரண்டு தடவையும் இயக்குநர் ஜெயித்துவிட்டார். கார்க்காரர் வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டார்.

படம் மோசம் என்று சொல்ல வரவில்லை. பத்துக் குரங்குகளை அடைத்துவைத்து, அவை அமைதியாக இருக்கக் கார்ட்டூன் போட்டுக் காட்டி, டீசல் புகையைச் சுவாசிக்கவைத்த பரிசோதனை பற்றி உலகம் பேசத் தொடங்கியது இந்தப் படம் வெளியான நாட்களில்தான். 2014இல் அமெரிக்காவின் ஆல்பகர்க்கியில் நடந்தது அது. ஜெர்மன் கார் நிறுவனங்கள் பணம் போட்டு நடத்திய ஓர் அமைப்பு, புதுக்கால டீசல் தீங்கில்லாதது என்று நிரூபிக்க ஏற்பாடு செய்தது. அதற்குக் கொண்டுவந்து நிறுத்திய பீட்டில் காரிலும் அதே ஏமாற்று மென்பொருள். குரங்குகளைக்கூட விடவில்லை. திரைக்கதை எழுதுகிறவருக்கே இவ்வளவு கச்சிதமான வில்லத்தனம் வாய்க்காது. என் பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. வில்லன் இப்படி வெண்ணெயாகக் கிடைத்துவிட்டால், கதையில் மற்ற எல்லோரும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் மிஞ்சுகிறார்கள். பாதிக்கப்பட்டவருக்குக் கோபம் உண்டு, வழக்கு உண்டு, நஷ்டஈடு உண்டு. முடிவெடுக்கும் பொறுப்பு மட்டும் கிடையாது.

ஆனால் அந்தக் கார்க்காரர்களுக்கு ஒரு முடிவு இருந்தது. நாளேடுகள் ‘டீசல்கேட்’ என்று பெயர் வைத்த அந்த விவகாரத்தில் எனக்குப் பிடிபடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிற இடம் அதுதான்.

*

முதலில் கதைச் சுருக்கம், வேகமாக. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வாகனுக்கு விதிமீறல் நோட்டீஸ் அனுப்பியது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, என்ன வேகம், எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் பார்த்து, ‘இப்போது நான் சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று காரின் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். அப்போது மட்டும் புகையைச் சுத்தம் செய்யும். சாலைக்கு வந்ததும் அடக்கத்தைக் கழற்றி வைத்துவிடும். நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அனுமதித்த அளவைவிட 40 மடங்குவரை வெளியேறின. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள். ஐந்தே நாளில் தலைமை நிர்வாகி மார்ட்டின் விண்டர்கோர்ன் பதவி விலகினார்.

சோதனைச் சூழலா, நிஜச் சூழலா என்று பார்த்து வேறுவேறாக நடந்துகொள்ளும் நிரல் எங்கள் தொழிலில் தினசரிச் சமாச்சாரம். டெஸ்ட் சர்வரில் ஓடினால் மின்னஞ்சல் அனுப்பாதே, நிஜத்தில் ஓடினால் அனுப்பு. இப்படி ஒரு ‘இஃப்’ எழுதாத நாளே கிடையாது. அதனால் இந்தச் செய்தியைப் படித்தபோது என்னுடன் வேலை பார்த்தவர்களில் யாரும் ‘எப்படி முடிந்தது?’ என்று கேட்கவில்லை. ‘அந்த வேரியபிளுக்கு என்ன பேர் வச்சிருப்பாங்க?’ என்றுதான் கேட்டார்கள். பெயரும் பிறகு வெளியே வந்தது: ‘ஒலியியல் செயல்பாடு’. டீசல் எஞ்சினின் கடகடச் சத்தத்தைக் குறைக்க ஆடியில் உருவான ஓர் அம்சத்தின் பெயர் அது. அதன் முதுகில் இது ஏறிக்கொண்டது. நிரலில் பொய்கள் பெரும்பாலும் இப்படித்தான் வசிக்கும், முன்னொரு காலத்தில் உண்மையாக இருந்த ஒரு பெயரின் கீழ்.

இந்தக் கதையை நூலாக எழுதியவர் ஜாக் யூயிங். ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர், ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்து எழுதியவர். ‘ஃபாஸ்டர், ஹையர், ஃபார்தர்’ என்ற அவருடைய நூல் 2017 மே மாதம் வந்தது. கிப்னியின் படத்தைவிட மிகவும் பொறுமையான வேலை. ஃபெர்டினாண்ட் பீஷ் என்ற மனிதரின் நிழல் ஒரு நிறுவனத்தின் மேல் பல பத்தாண்டுகள் விழுந்து கிடந்ததை அவர் எழுதிக் காட்டும்போது, முடியாது என்ற சொல்லை மேலே கொண்டுபோகப் பயப்படும் பொறியாளர்களை நமக்கு நன்றாகவே தெரிகிறது. தெரியாமல் என்ன? எல்லா அலுவலகத்திலும் அவர்கள் உண்டு.

ஆனால் அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் போவது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆட்கள் வரும் பக்கங்களுக்குத்தான். டான் கார்டரின் சின்ன ஆய்வுக்கூடம். மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அரவிந்த் திருவேங்கடம். கடைசிப் பெயரில் நம் காது ஒரு நொடி நின்றுதான் நகரும். 2013இல் கலிஃபோர்னியாவில் மூன்று டீசல் கார்களின் புகைக்குழாயில் அளவுக் கருவியைப் பொருத்தி, பின்பக்கம் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு, நிஜச் சாலைகளில் ஓட்டினார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில்வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். ஜெட்டா அனுமதித்த அளவைவிட 15 முதல் 35 மடங்கு, பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு. மூன்றாவதாக இருந்த பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொண்டது. அவர்கள் யாரையும் பிடிக்கக் கிளம்பவில்லை. டீசல் நன்றாக இருக்கிறது என்று ஐரோப்பாவுக்குக் காட்டலாம் என்ற எண்ணத்தில் தொடங்கிய ஆய்வு அது.

அந்த ஜெனரேட்டரைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். மறுபடி அதற்கு வர வேண்டும்.

*

டீசல் எஞ்சினுக்குள் இருக்கும் சிக்கலைப் புரிந்துகொள்ளாமல் கார்க்காரரின் சங்கடம் புரியாது. டீசல் சிக்கனமாக எரிய வேண்டுமென்றால் சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் எகிற வேண்டும், காற்றும் தாராளமாக வேண்டும். அந்தச் சூட்டில் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடிவிடும். சூட்டைத் தணிக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே விடலாம். டீசலைப் பீய்ச்சும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும். ஆனால் இப்போது கரி கூடும், வடிகட்டி சீக்கிரம் அடைக்கும், அந்தக் கரியை எரித்துத் தள்ள இன்னும் கொஞ்சம் டீசல் போகும். 2009 ஜெட்டாவில் இருந்த மாதிரி நைட்ரஜன் ஆக்ஸைடைப் பிடித்து வைக்கும் பொறி இருந்தால், அது நிறைந்ததும் காலி செய்ய மறுபடி கூடுதல் டீசல். பிந்தைய பஸ்ஸாட்டில் இருந்தது போல யூரியாக் கரைசலைத் தெளிக்கும் முறை என்றால் டீசலுக்குப் பதில் அந்தக் கரைசல் தீரும், கார்க்காரர் சர்வீஸுக்கு முன்பே அதை நிரப்ப வேண்டியிருக்கும். வாடிக்கையாளருக்கு அந்தத் தொல்லையைக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டால் என்ன செய்வது? குறைவாகத் தெளிக்க வேண்டியதுதான்.

ஆக, சுத்தமான புகைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ அளந்து பார்த்தது. நோட்டீஸ் வந்த அடுத்த மாதமே, சோதனைக்கூடத்தில் இருப்பதாகக் காரை நம்பவைத்தபடியே ஓட்டப் பாதையில் ஓட்டினார்கள். 2011 ஜெட்டா ஸ்போர்ட்வேகன் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 50 மைல் கொடுத்துக்கொண்டிருந்தது, 46க்கு இறங்கியது. நம் கணக்கில் லிட்டருக்கு 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருந்தது, பத்தொன்பதரை ஆனது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 9.9 விநாடி ஆனது, 10.5 ஆனது. 2015 ஜெட்டாவுக்கு 53 மைல் 50 ஆனது, வேகத்தில் பத்தில் ஒரு விநாடி வித்தியாசம்.

நான்கு மைல். அவ்ளோதான்.

இந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்கு வந்தது கோபமில்லை, ஒரு விதமான அசட்டு வியப்பு. 46 மைலும் பிரமாதமான எண்தானே? ஒழுங்காக நடந்துகொண்டிருந்தாலும் அது நல்ல கார்தான். பெரும்பாலான பெட்ரோல் கார்கள் பக்கத்தில் வர முடியாது. பூனை மாதிரிப் பதுங்கி, ஒரு நாட்டின் சட்டத்தை ஏமாற்றிச் சம்பாதித்துக் கொடுத்தது கார்க்காரருக்கு நான்கு மைலும் அரை விநாடியும். நிறுவனத்துக்கு மிச்சமானது வேறு: பொறியும் வடிகட்டியும் சீக்கிரம் கெடாது, யூரியாத் தொட்டி சர்வீஸ்வரை தாங்கும்.

எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது? அந்தக் கார்கள் அமெரிக்காவில் 2008 முதல் 2015 வரை கூடுதலாக விட்ட புகையால் ஏறக்குறைய 59 பேர் ஆயுள் முடியும் முன்பே இறந்திருப்பார்கள் என்று மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்டீவன் பேரட்டும் சகாக்களும் 2015இல் கணக்கிட்டார்கள். ஜெர்மனியில் விற்ற கார்களால் ஐரோப்பாவில் அது 1,200 என்று 2017இல் வந்த இன்னொரு கணக்கு. இவர்களில் ஒருவரையும் நாம் பெயர் சொல்லிக் காட்ட முடியாது. இந்தக் காரின் புகைதான் இந்த நுரையீரலுக்குள் போனது என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க முடியாது. கதை சொல்பவர்களுக்கு இது பெரிய கஷ்டம். கிப்னி குரங்குகளிடம் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். குரங்குக்காவது முகம் இருக்கிறது.

*

இனி கார்க்காரரின் முடிவு.

2016 ஜூனில் அறிவித்து, அக்டோபர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் ப்ரயர் ஒப்புதல் கொடுத்த ஒப்பந்தத்தின் மதிப்பு 1,470 கோடி டாலர். இரண்டு லிட்டர் டீசல் கார்கள் சுமார் 4,75,000 அதில் வந்தன. கார் வைத்திருந்தவருக்கு இரண்டு வழி. ஒன்று, காரைத் திருப்பிக் கொடு; விவகாரம் வெடிப்பதற்கு முன்பு அதற்கு என்ன விலையோ அதை வாங்கிக்கொள், மேலே 5,100 முதல் 10,000 டாலர்வரை நஷ்டஈடு. இரண்டு, காரை வைத்துக்கொள். அரசு ஒப்புக்கொண்ட திருத்தத்தைச் செய்துகொள், அதே நஷ்டஈட்டை வாங்கிக்கொள். ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தத் திருத்தம் என்ன என்பது யாருக்கும் தெரியாது. பழைய ஜெட்டா வகைக் கார்களுக்கு அது ஒப்புதலானது 2017 ஜூலையில். யூயிங்கின் நூல் அதற்கு இரண்டு மாதம் முன்பே அச்சாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. கிப்னிக்கு அந்தச் சாக்கு இல்லை.

சொல்லாமல் விட்ட மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. எதுவும் செய்யாதே, பணமும் வாங்காதே, பழையபடி ஓட்டு. திருத்தாத கார்களை ஓட்டுவது தொடர்ந்து சட்டப்படி சரிதான் என்று முகமையே சொல்லியிருந்தது.

திருத்தம் பற்றி உரிமையாளருக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்த அறிக்கைதான் இந்த மொத்த விவகாரத்தில் நான் மிகவும் மதிக்கும் எழுத்து. நூலும் படமும் அடுத்ததுதான். உயிரில்லாத அலுவலக நடை, ஒரு உவமை கிடையாது. ஆனால் அதில் உண்மை இருக்கிறது. என்னென்ன பாகத்தை மாற்றுவோம், எந்த மென்பொருளை ஏற்றுவோம், அதற்குப் பிறகு உங்கள் மைலேஜ் கேலனுக்கு 2 மைல்வரை குறையலாம். இன்னொன்றும் மறைக்கவில்லை: திருத்திய பிறகும் கார் முதலில் வாக்குக் கொடுத்த தரத்தை முழுதாக எட்டாது. புகை வெகுவாகக் குறையும், ஆனால் சட்டப்புத்தக அளவுக்கு வராது. பத்தாண்டுகள் பொய் சொன்ன நிறுவனத்தின் பெயரில் வந்த ஒரு தாள், முதல் தடவையாக ‘இவ்வளவுதான் முடியும்’ என்கிறது.

இப்போது நீங்கள் கார்க்காரர். ஜெட்டாவின் அதிகாரபூர்வச் சராசரி கேலனுக்கு 34 மைல். வருஷத்துக்கு 15,000 மைல் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 34இல் 441 கேலன், 32இல் 469 கேலன். வித்தியாசம் 28. கேலன் 3 டாலர் என்று போட்டால் வருஷத்துக்கு 84 டாலர். கையில் வரப்போவதோ குறைந்தது 5,100. அறுபது வருஷம் ஓட்டினால்தான் அந்தப் பணம் தீரும். கணக்குப்படி பார்த்தால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் யோசித்தார்கள். மாதக்கணக்கில் யோசித்தார்கள். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததே அந்த யோசனைதான். அதைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியவில்லை.

நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போனால் சம்பளத்தைக் கேட்பதுபோல, கார் பார்க்கப் போனால் மைலேஜைக் கேட்போம். என் பெரியப்பாவின் காரில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு டைரி இருக்கும். பங்கில் டேங்க் நிரப்பியதும் கிலோமீட்டரைப் பார்த்து எழுதுவார், போன தடவையோடு கழிப்பார், வகுப்பார். யாருடைய விளம்பரத்தையும் அவர் நம்ப வேண்டியதில்லை. அந்த எண் அவர் கையால் செய்தது. அமெரிக்காவின் டீசல் ரசிகர்களும் இதே ஜாதிதான். டீசல் கார் அங்கே சிறுபான்மை. அதைத் தேடி வாங்குகிறவர் கணக்குப் பார்ப்பவராகத்தான் இருப்பார். ஒட்டியிருக்கும் அரசுச் சீட்டில் போட்டிருப்பதைவிட என் கார் அதிகம் தருகிறது என்பது அவர்களுடைய நிரந்தரப் பெருமை.

நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்க அவருக்கு வழி இல்லை. அதற்கு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ஆள் வர வேண்டும், காரின் பின்னால் ஜெனரேட்டரை ஏற்ற வேண்டும். ஆக ஒரே காரில் இரண்டு எண்கள். ஒன்றைக் கார்க்காரர் பேனாவும் பேப்பரும் வைத்துச் சரிபார்க்கலாம். மற்றதை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனம் செய்தது என்னவென்றால், அவரால் பார்க்க முடியாத எண்ணிலிருந்து எடுத்து, அவரால் பார்க்க முடிகிற எண்ணில் போட்டது. அவர் டைரி ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னது. அந்த உண்மைதான் அவரை நம்பவைத்தது.

யூயிங்கின் நூலிலும் கிப்னியின் படத்திலும் உரிமையாளர் விளம்பரத்தால் ஏமாந்தவராக வருகிறார். விளம்பரம் நடந்தது உண்மைதான். 2010 சூப்பர் பௌல் நேரத்தில் ஆடி ஒரு ‘பசுமைப் போலீஸ்’ விளம்பரம் போட்டது. 2009 ஜெட்டா டீசலுக்கு ‘ஆண்டின் பசுமைக் கார்’ பட்டம் கிடைத்தது, அமெரிக்க அரசே 1,300 டாலர் வரிச்சலுகை கொடுத்தது. ஆனால் விளம்பரத்தால் மட்டும் இத்தனை கணக்குப்பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. அவர்களை ஏமாற்றியது அவர்களுடைய சொந்த அளவை. இந்த இடத்தைத் தொட்டிருந்தால் கிப்னிக்கு வேறொரு படம் கிடைத்திருக்கும். கார்க்காரர் கிப்னியை இயக்குநர் கிப்னி பேட்டி எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

*

யோசித்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிற எனக்கு அதுதான் இந்தக் கதையிலேயே ஜீரணிக்கக் கஷ்டமான பகுதி.

2017 ஜனவரியில் ஃபோக்ஸ்வாகன் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, என்ன நடந்தது என்பதை அமெரிக்க நீதித்துறையிடம் ஒரு உண்மை அறிக்கையாக ஏற்றுக்கொண்டது. அதில் வரும் ஒரு சம்பவம். 2012 வாக்கில் அமெரிக்காவில் சில கார்களில் புகை அமைப்பின் பாகங்கள் சீக்கிரம் பழுதாகின்றன. பொறியாளர்கள் ஆராய்ந்து ஒரு சந்தேகத்துக்கு வருகிறார்கள்: கார் சாலையில் ஓடும்போதும் தான் சோதனைக்கூடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது போலிருக்கிறது, அதனால்தான் வடிகட்டிக்கு இவ்வளவு வேலை. அதாவது, ஏமாற்று நிரலில் ஒரு பக்: கார் தப்பித் தவறி நேர்மையாக நடந்துகொள்கிறது. அதைச் சரிசெய்ய ஸ்டீயரிங் கோணத்தைக் கவனிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஸ்டீயரிங் திரும்பினால் இது சாலைதான். அந்தப் புது நிரலை, சர்வீஸுக்கு வந்த பழைய கார்களிலும் ஏற்றினார்கள். வாடிக்கையாளரிடம், இது காரை மேம்படுத்தும் அப்டேட் என்று சொன்னார்கள்.

நானும் அப்டேட் அனுப்புகிறவன். ‘பிழைத்திருத்தங்களும் மேம்பாடுகளும்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவோம். படிப்பவர் யாரும் இல்லை, நம்புகிறவர்கள்தான். அந்த நம்பிக்கையின் மேல்தான் எங்கள் சம்பளம் ஓடுகிறது. அதைக் கொண்டுபோய் அந்தச் சர்வீஸ் வாசலில் இப்படிச் செலவழித்திருக்கிறார்கள்.

பொய்யை இன்னும் கூர்மையாக்க ஒரு தடவை காரை அதே டீலரிடம் விட்டு எடுத்த மனிதர்தான், 2017இல் கையில் ஒரு தாளுடன் நிற்கிறார். ‘மென்பொருள் மாற்றுகிறோம், 2 மைல் குறையலாம், காரைக் கொண்டு வாருங்கள்.’ அவர் தயங்கினால் அதில் கருமித்தனம் எத்தனை பங்கு, சூடுபட்ட பூனையின் பயம் எத்தனை பங்கு? ‘இரண்டு மைல்னு சொல்றாங்க, உள்ள என்ன பண்றாங்கன்னு யாருக்குத் தெரியும்?’ என்று அவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? தெரியாது என்றுதான் சொல்வேன்.

அதே சமயம், இந்தத் தயக்கம் முழுக்க நியாயம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் தயங்குகிற ஒவ்வொரு வாரமும் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2015 செப்டம்பருக்கு முன்னால் அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தெரியும். அந்தத் தேதிக்குப் பின் அந்தப் புகையில் அவருக்கும் பங்கு உண்டு, சின்னப் பங்குதான், ஆனால் உண்டு. ‘நான் ஏமாற்றப்பட்டவன்’ என்பது உண்மையாக இருக்கும்போதே, பக்கத்துத் தெருவில் ஆஸ்துமாவோடு ஓடுகிற குழந்தைக்கு அந்த உண்மையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேறு வாதமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: மைலேஜ் குறைந்தால் டீசல் கூட எரியும், கார்பன் டை ஆக்ஸைடு கூடும், பூமி சூடாகும். ஆக இரண்டும் சுற்றுச்சூழல்தானே? சரிதான். ஆனால் ஒன்று கேலனுக்கு இரண்டு மைல், மற்றது அனுமதித்ததைப் போலப் பத்து மடங்கிலிருந்து நாற்பது மடங்கு. தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. சொந்தப் பாக்கெட்டுக்கு ஒத்துவருகிற அறம் மட்டும் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது ஏன் என்பதில்தான் குழப்பம்.

ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. கார்க்காரரின் மனசாட்சியை அவர்கள் நம்பவும் இல்லை, அவர் மேல் வழக்கும் போடவில்லை. பணத்தைத் திருத்தத்தோடு முடிச்சுப் போட்டார்கள். 85 சதவீதக் கார்களைத் திரும்ப வாங்கவோ திருத்தவோ வேண்டும் என்ற கெடுவை நிறுவனத்தின் தலையில் கட்டினார்கள். தவறினால் மேலும் பணம். ஒரு சட்ட ஆவணத்துக்கு இவ்வளவு குணச்சித்திர அறிவு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கேள்வி பணமில்லாமல் வந்தது. ஜெர்மனியில் திருத்தம் கட்டாயம். செய்யாத காருக்குப் பதிவே பறிபோகலாம். பெரும்பாலான எஞ்சின்களுக்கு மென்பொருள் மட்டும், 1.6 லிட்டருக்குக் கூடவே காற்றோட்டத்தைச் சீராக்கும் சின்ன வலைக்குழாய். நஷ்டஈடு இல்லை. அங்கே உரிமையாளர்கள் பேசியதெல்லாம் திருத்தத்துக்குப் பின் மைலேஜ் போச்சு, எஞ்சின் முரட்டுத்தனமாக ஓடுகிறது, வால்வு அடைக்கிறது என்பதைப் பற்றித்தான். 2020 பிப்ரவரியில் ஒரு கூட்டு வழக்கு 83 கோடி யூரோவுக்குச் சமரசமானது. அதே மே 25 அன்று கூட்டாட்சி நீதிமன்றம், காரை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடு, ஆனால் ஓடிய தூரத்துக்குக் கழித்துக்கொள் என்றது. ஒரே விவகாரம், இரு கரையிலும் ஒரு திருத்தம். 5,100 டாலரோடு வந்தபோது அது தேர்வு, வெறுங்கையோடு வந்தபோது அது தண்டனை.

இந்தியாவில் 2015 டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது, உச்ச நீதிமன்றம் கடும் நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது. அமெரிக்க ஒப்பந்தம் போல ஒன்று இங்கே வரவில்லை. போலோவும் வென்டோவும் வைத்திருந்தவர்களுக்கு இந்த முழுக் கதையும் ஆயில் மாற்றப் போன இடத்தில் நடந்த கூடுதல் வேலையாகக் கடந்து போயிருக்கும்.

*

அமெரிக்காவில் என்ன முடிவெடுத்தார்கள்? கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2020 ஜூலையில் சொன்ன கணக்குப்படி, உரிமை கோரி முடித்தவர்களில் 86 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காரையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 950 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. திரும்பி வந்த கார்களை நிறுத்த இடமில்லாமல் மிச்சிகனில் பாண்டியாக் சில்வர்டோம் என்ற பழைய விளையாட்டரங்கின் வளாகத்தில் நிறுத்தினார்கள், கலிஃபோர்னியாவில் விக்டர்வில் விமான நிலையத்துப் பாலைவனத்தில் வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். வானத்திலிருந்து எடுத்த அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். டீசல்கேட் என்றதும் எல்லோரும் போடும் படம் அது, அழகான படமும்கூட. ஆனால் அது முடிவைப் பணமாக மாற்றிக்கொண்டு போனவர்களின் படம். பிறகு அந்தக் கார்களில் பலவற்றைத் திருத்தி மறுபடி விற்றார்கள். வாங்க ஆள் இருந்தது.

எனக்கு மிச்சமுள்ள பதினான்கு சதவீதத்துக்குக் குறைவானவர்கள் வேண்டும். பணமும் வாங்கிக்கொண்டு காரையும் விடாமல், அதே டீலரிடம் சாவியைக் கொடுத்தவர்கள். அவர்களைப் பற்றி யூயிங் எழுத முடியவில்லை, கிப்னி எடுக்கவில்லை. திருத்தம் முடிந்து வீடு வரும் வழியில் ஒருவர் முதல் தடவை டேங்க் நிரப்புகிறார். மைல்மீட்டரைப் பார்க்கிறார். இருநூறு முந்நூறு மைல் ஓட்டியபின் மறுபடி நிரப்புகிறார், கழிக்கிறார், வகுக்கிறார். வருகிற எண்ணை, பழைய எண்களுக்குக் கீழே, அதே டைரியில் எழுதுகிறார்.